ஃப்ரெட்டைப் பிடுங்கின கிட்டார்

அந்தப் பையில இருக்கது கிட்டார்தானே சார்? மேல வைக்காதீங்க. கங்கைகொண்டான் தாண்டுனதும் இந்த வண்டி குலுக்குற குலுக்குல கழுத்து விட்டுப்போகும். மடியில சாச்சு வச்சுக்கோங்க. நான் கொஞ்சம் தள்ளி உக்காருதேன். காலை இப்படி நீட்டுங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

மகளுக்கா? சந்தோசம். கத்துக்கிடட்டும். நல்ல மாஸ்டராப் பார்த்துச் சேத்து விடுங்க. முதல்ல சுருதி பிடிக்கப் பழக்கணும். மத்ததெல்லாம் பின்னால வரும். கை வேகத்தை யாரும் கத்துக்கிடலாம். காது இருக்கு பாருங்க, அது வேற.

நான் பொன்னுதுரை. பாளையங்கோட்டையில கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா வாத்தியார்னு சொன்னா யாருக்கும் தெரியாது, சர்ச்சுப் பாட்டுக்குழு நடத்துற குயர் மாஸ்டர்னு கேளுங்க, கோயில் தெருவுல சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். பெருமைக்குச் சொல்லல. ஒரு கூட்டமே சேந்து பாடினாலும் எவன் சுருதி இறக்கிப் பாடுதான்னு திரும்பாமலே சொல்லிருவேன். அது ஆண்டவர் கொடுத்தது. நான் என்ன செய்ய?

உங்க கிட்டாரைப் பார்த்ததும் என் மாப்பிள்ளை நெனப்பு வந்துட்டு. ஜெபசிங்குன்னு பேரு. என் தங்கச்சி கிளாடிஸைக் கட்டினவன். கொஞ்சம் அந்த ஜிப்பைத் திறங்களேன், ஒண்ணு காட்டுதேன். பாருங்க, இந்தக் கழுத்துல குறுக்க குறுக்க வெள்ளிக் கம்பி மாதிரி பதிச்சிருக்கா? இதுக்கு ஃப்ரெட்டுன்னு பேரு. வீணையில மெட்டும்பாங்க. ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் நடுவுல விரலை எங்க வச்சு அமுக்குனாலும் ஒரே சுரந்தான் வரும். கொஞ்சம் முன்ன பின்ன விழுந்தாலும் தப்பு வராது. கணக்குப் போட்டுப் பதிச்சது. வாத்தியத்துலயே ஒழுங்கை வச்சுக் கட்டியிருக்கான். அதனாலதான் எனக்குக் கிட்டார்னா பிடிக்கும்.

அந்த ஃப்ரெட்டு பூராத்தையும் பிடுங்கிட்டான் சார், என் மாப்பிள்ளை. குறடை வச்சுப் பிடுங்கினான். நான் வாங்கிக் கொடுத்த கிட்டார்ல.

மூடிக்கோங்க, உள்ள தூசி போயிரும்.

கல்யாணத்துக்கு எல்லாரும் பீரோ, கட்டில்னு யோசிச்சாங்க. நான்தான் மாப்பிள்ளைக்குக் கிட்டார் கொடுப்போம்னு மதுரைக்குப் போய், கடைக்காரனைப் பாதிக் கடையை இறக்க வச்சு, ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்து எடுத்துட்டு வந்தேன். அவன் அப்பவே நல்லா வாசிப்பான். காலேஜுல பௌதிக லேப்ல அசிஸ்டன்ட் வேலை. பேச்சு கம்மி. நாம ஒரு மணி நேரம் பேசினா அவன் "ஆமா மச்சான்"னு முடிச்சிருவான். ஆனா கிட்டாரை எடுத்தான்னா எங்க குயரே வேற மாதிரி ஆயிரும். ஆர்கன் வாசிக்கிற பெரியவர் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப்புடுவாரு, அதைக்கூட இவன் பக்கத்துல இருந்து தூக்கி நிப்பாட்டிருவான். மத்த சபைக்காரங்க எல்லாம் "உங்க மாப்பிள்ளையக் கொஞ்சம் அனுப்புங்களேன்"னு என்கிட்டதான் வந்து கேப்பாங்க. நான் அனுப்பமாட்டேன்.

அவங்களுக்கு ஒரே பிள்ளை. பியூலா. நல்லா ஓடி ஆடித் திரிஞ்ச பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேக்கப் போற வருசம் மூளைக்காய்ச்சல் வந்துட்டு. உயிர் தப்பினதே பெரிய காரியம். காது போயிட்டு. முழுசா இல்ல. மிசின் வச்சா கேக்கும், ஆனா தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. நம்ம உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவா. பேச்சு வந்துச்சு, கொஞ்சம் தட்டையா வரும்.

அந்தப் பிள்ளைக்கு எதுல ஆசைங்கீங்க? பாட்டுல. எந்நேரமும் பாடுவா. குளிக்கும்போது, சோறு திங்கும்போது, கோயில்ல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணும்போதுகூட. குரல் நல்ல குரல் சார். கணீர்னு இருக்கும். ஆனா சுருதி நிக்காது. ஆரம்பிச்ச இடம் ஒண்ணு, போற இடம் ஒண்ணு. வழுக்கிக்கிட்டே போகும். அவளுக்கு அது தெரியாது பாருங்க. அவ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே பாடுவா.

குயர்ல சேரணும்னா. சேத்துக்கிட்டேன். வேற மாஸ்டரா இருந்தா சேத்திருக்கமாட்டான். தங்கச்சி மகளாச்சேன்னு நான் சேத்து, சின்னப் பிள்ளைக வரிசையில ஓரத்துல நிப்பாட்டினேன். சாதாரண ஞாயித்துக்கிழமை எப்படியோ சமாளிச்சிருவோம். ஒரு வருசம் கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்குப் பேராயர் வாராருன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்குப் பாட வேண்டியது நாலு குரல் பாட்டு. ஒரு குரல் நழுவினா மொத்தமும் நாறிப்போகும்.

என்ன செய்ய? நான் அவளைத் தனியாக் கூப்பிட்டேன். குனிஞ்சு, அவ முகத்துக்கு நேரா, மெதுவாச் சொன்னேன். "பியூலா, நீ முன்வரிசையிலயே நில்லு. நடுவுல நில்லு. பாடுற மாதிரி வாயை அசை. சத்தம் மட்டும் வேண்டாம். மாமாவுக்காக." அவ என் உதட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. புரிஞ்சுதான்னு கேட்டேன். தலையாட்டினா. அவ போட்டிருந்த வெள்ளைக் கவுனுகூட நான் எடுத்துக் கொடுத்ததுதான்.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? ஓரத்துல நின்ன பிள்ளையை நடுவுக்குக் கொண்டு வந்தேன்.

பிரமாதமாச் செஞ்சா. ஒரு எழுத்துத் தப்பாம வாயை அசைச்சா. கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஆராதனை முடிஞ்சதும் பேராயரே அவ தலையில கையை வச்சு, "இந்தப் பிள்ளை எப்படி உணர்ந்து பாடுது பாருங்க"ன்னு சொன்னாரு. நான் இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சந்தோசப்படுவேன்.

ஒரே ஒரு குறை. ரெண்டாவது பாட்டுல ஒரு சரணம் முழுக்கக் கிட்டாரைக் காணோம். ஜெபசிங் அவளுக்குப் பக்கத்துல உக்காந்துதான் வாசிச்சான். அவ வாயையே பார்த்துக்கிட்டு இருக்கான், கை நின்னுபோச்சு. அப்புறம் கேட்டேன், என்ன மாப்ளே, ஏன் விட்டுட்டன்னு. "ஒரு கம்பி இறங்கிட்டு மச்சான்"னான்.

அதுக்கப்புறம் பியூலா குயருக்கு வரல. கிளாடிஸ்கிட்ட கேட்டதுக்கு, "படிக்க நெறைய இருக்கு அண்ணே"ன்னா. சரி, படிக்கிற பிள்ளைதானேன்னு நானும் விட்டுட்டேன். ஜெபசிங் மட்டும் வழக்கம்போல பிராக்டிசுக்கு வருவான், வாசிப்பான், போவான்.

ஒரு நாளு அவன் கிட்டாரை எடுத்து வைக்கும்போது பார்க்கேன், கழுத்துல என்னமோ ஒட்டியிருக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல பித்தளைத் துண்டு. குண்டூசித் தடிமன்ல நறுக்கி மெழுகு வச்சு ஒட்டியிருக்கான். ஒண்ணு நேரா, ஒண்ணு கோணலா. என்னடே இதுன்னு கேட்டேன். "சும்மா ஒரு பரிசோதனை மச்சான்"னான். வாசிக்கும்போது அந்த இடத்துல விரல் வைக்காம தாண்டித் தாண்டி வாசிச்சான். அதனால நானும் ஒண்ணும் சொல்லல.

அடுத்த தடவ அந்தத் துண்டெல்லாம் இடம் மாறியிருக்கு. அதுக்கடுத்த தடவ இன்னும் மாறியிருக்கு. லேப்ல சோனாமீட்டர்னு ஒண்ணு இருக்காமே, பெட்டி மேல ஒரு கம்பியைக் கட்டி, அடியில சின்னக் கட்டையைத் தள்ளித் தள்ளிச் சுருதியை மாத்தலாமாம். அதைப் பார்த்துப் பார்த்து இவனுக்குப் புத்தி அப்படிப் போயிருக்கு. ஒரு நாளு நான் விடல. பிடிச்சுக் கேட்டுட்டேன்.

"பியூலா பாடுறது இந்த ரெண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கு மச்சான்"னான்.

"நடுவுல இருக்கதுக்குப் பேரு அபசுரம் மாப்ளே."

"அவ பாடும்போது கூட வாசிக்கலாம்னு பார்க்கேன். எட்டமாட்டேங்குது. இன்னைக்கு ஒரு இடத்துல வச்சா நாளைக்கு அவ வேற இடத்துல நிக்கா."

"அப்ப அவளை இங்க கொண்டு வா. நீ ஏன் அங்க போற?"

அவன் கொஞ்ச நேரம் பித்தளைத் துண்டை நகத்தால நோண்டிக்கிட்டு இருந்தான். அப்புறம், "அவளால வர முடியாது மச்சான்"னான். அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின பிராக்டிஸ். எல்லாரும் வந்தாச்சு. அவன் பையைத் திறந்து கிட்டாரை எடுக்கான். கழுத்து மொட்டையா இருக்கு சார். ஒரு ஃப்ரெட்டு இல்ல. சால்டரிங் அயர்னை வச்சுச் சூடு காட்டி ஒவ்வொண்ணாக் குறடுல பிடுங்கிட்டு, அந்தப் பள்ளத்துல எல்லாம் ஐஸ் குச்சியைச் சீவிச் செருகி, பசை போட்டு, உப்புத்தாள் வச்சுத் தேச்சு வழவழன்னு ஆக்கியிருக்கான். ஸ்டீல் கம்பியைக் கழட்டிட்டு நைலான் போட்டிருக்கான். மதுரையில நான் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்த கிட்டார்.

வாசின்னேன். வாசிச்சான். கிட்டார் சத்தமே இல்ல அது. டங்குன்னு தெறிக்காது. 'ம்ம்'னு முனகுற மாதிரி, யாரோ வாயை மூடிக்கிட்டு அழுற மாதிரி இருக்கு. ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டுப் போகுது. தனியா ஒரு கம்பியை வாசிக்கும்போது ஏதோ இருந்துச்சு, இல்லைங்கல. நாலு விரலை வச்சு, பல சுரத்தைச் சேத்துக் கார்டு பிடிச்சா ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. பிள்ளைக சிரிக்க ஆரம்பிச்சிட்டு. டெனர் பாடுற ஒருத்தன், "அண்ணன், அதுக்கு என்ன சளி பிடிச்சிருக்கா?"ன்னான்.

நான் எல்லார் முன்னாலயும் சொல்லல. வெளிய கூட்டிட்டுப் போய்த்தான் சொன்னேன். "மாப்ளே, இது குயர். ஒரு ஒழுங்கு வேணும். ஃப்ரெட்டைப் போட்டுட்டு வா. அதுவரைக்கும் வராண்டாம்." அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கோவமெல்லாம் இல்ல. "சரி மச்சான்"னு பையை மாட்டிக்கிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டான்.

திரும்பி வருவான்னுதான் நெனச்சேன். ஒரு வாரம், ஒரு மாசம், வரவே இல்ல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மூணு பேரும் வருவாங்க, பின்னால பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிருவாங்க. எங்க குயர் அன்னைக்குப் படுத்ததுதான் சார், இன்னும் எந்திரிக்கல. ஒரு மனுசன் பிடிவாதத்துல எத்தனை பேருக்கு நட்டம் பாருங்க.

கோவத்தை நான்தான் விட்டேன். மூத்தவன் இல்லையா. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறி எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே உள்ள சத்தம் கேக்கு. சன்னல் வழியாப் பார்த்தேன்.

அவன் நாற்காலியில உக்காந்து வாசிக்கான். பியூலா அவன் பக்கத்துல முட்டி போட்டு, கிட்டாரோட மேல் வளைவுல தாடையை வச்சுச் சாஞ்சிருக்கா. காது மிசினைக் கழட்டி மேசை மேல வச்சிருக்கா. மரத்துல தாடையை வச்சா சத்தம் எலும்பு வழியாக் கேக்குமாம், கிளாடிஸ் அப்புறம் சொன்னா. கண்ணை மூடிக்கிட்டுப் பாடுதா. குரல் இறங்குது, இவன் விரலும் கூடவே இறங்குது. அவ ஒரு இடத்துல தயங்கி நின்னா இவனும் அங்கயே விரலை ஆட்டிக்கிட்டு நிக்கான். அவ ஏறினா ஏறுதான். அவளுக்கு முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. தெருவுல சின்னப் பிள்ளை நடக்கும்போது பெரியவங்க ஒரு விரலை மட்டும் நீட்டிப் பிடிக்கக் கொடுப்பாங்களே, அந்த மாதிரி.

என்ன பாட்டுன்னு மொதல்ல எனக்குத் தெரியல. எங்க கீர்த்தனைதான், ஆனா ராகம் எங்கயோ கெடக்கு. நானும் என் காதைத் தீட்டிக்கிட்டு, யாரு இறக்குதா, யாரு ஏத்துதான்னு பார்க்கேன். ஒரு நிமிசம் எனக்கே... சரி, விடுங்க. பசி நேரம், வெயில்ல வந்தது.

நான் உள்ள போனதும் பியூலா எந்திரிச்சு மிசினை மாட்டிக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. கூச்ச சுபாவம். கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். கழுத்தோட விளிம்புல வரிசையாச் சிவப்புப் பொட்டு. நகப்பாலீசு. சிலது பக்கத்துல பக்கத்துல, சிலது ஒண்ணு மேல ஒண்ணு. என்னடே கோலம் இதுன்னு கேட்டேன். "பியூலா வச்சது மச்சான். அவ நிக்கிற இடத்தை நான் கண்டுபிடிச்சா அங்க ஒரு பொட்டு வைப்பா. இது நான், இது நான்னு சொல்லிக்கிட்டே வைப்பா"ன்னு சொல்லிச் சிரிச்சான். அவன் சிரிச்சு நான் பார்த்தது அபூர்வம்.

சோறு திங்கும்போது கேட்டான். "ஒருத்தர் விலகிப் போனா அபசுரம் சரி. ரெண்டு பேரு சேந்தே விலகிப் போனா அதுக்குப் பேரு என்ன மச்சான்?"

"ரெண்டு அபசுரம்"னேன். எல்லாருந்தான் சிரிச்சோம். கிளாடிஸ் மட்டும் சிரிக்கல. அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் முகம் சுருங்கும்.

பிறகு ரொம்ப நாள் இல்ல. காலையில டிபன் பாக்ஸோட காலேஜுக்குப் போனவன், லேப்ல பிள்ளைகளுக்குச் சாமான் எடுத்து வச்சிக்கிட்டே அப்படியே உக்காந்திருக்கான். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. நாப்பத்தஞ்சு வயசுகூட ஆகல சார். என்னைவிட எவ்வளவு சின்னவன்.

நான்தான் எல்லாத்தையும் நின்னு செஞ்சேன். பந்தல், பெட்டி, கல்லறைத் தோட்டம், எல்லாம். குயரைக் கூப்பிட்டு வீட்டு வாசல்ல நிப்பாட்டினேன். எங்ககூட அத்தனை வருசம் வாசிச்சவன், அவனுக்கு ஒரு குறையில்லாமப் பாடி அனுப்பணும்னு முந்தின நாள்ல இருந்தே கத்திப் பேசாம தொண்டையைப் பத்திரமா வச்சிருந்தோம். ஊரே வந்திருந்துச்சு. காலேஜு பிரின்சிபால், வாத்தியார்மாரு, பக்கத்துச் சபைக்காரங்க எல்லாரும்.

பாட ஆரம்பிச்சோம். பியூலா தலைமாட்டுல உக்காந்திருந்தா. அழல. மிசினைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா. அப்புறம் மெதுவா முன்னால குனிஞ்சு, பெட்டி விளிம்புல தாடையை வச்சா. வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டா. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தா. எதையோ கேக்கிற மாதிரி. அப்புறம் பாட ஆரம்பிச்சிட்டா.

நாங்க பாடுற பாட்டு இல்ல. அது எங்கயோ தொடங்கி எங்கயோ போகுது. சத்தமா. அந்தக் கணீர்க் குரல்ல. சனங்க திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. பிரின்சிபால் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஒரு பொம்பளை முந்தானையை வாயில வச்சுக்கிட்டா, அழுதாளா, என்னன்னு தெரியல. நம்ம வீட்டுப் பிள்ளை, நாலு பேரு முன்னால ஒரு மாதிரி ஆயிரக்கூடாது இல்லையா? நான் குயருக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். சத்தத்தை ஏத்துங்கன்னு அர்த்தம். அவங்க ஏத்தினாங்க. நல்லாவே ஏத்தினாங்க. அவ குரல் அடியில போயிட்டு. ஒருத்தருக்கும் கேக்கல.

அந்த நேரம் பார்த்து அவ கண்ணைத் திறந்திருக்கா. என் கை மேல இருக்கு. கை காட்டுறது எதுக்குன்னு அவளுக்குத் தெரியும். குயர்ல நின்னவதானே. தாடையைப் பெட்டியில இருந்து எடுத்துட்டு நிமிந்து உக்காந்துக்கிட்டா. பெட்டியைத் தூக்கும்போது எல்லாரும் கதறினாங்க. அவகிட்ட இருந்து ஒரு சத்தம் வரல.

மரியாதைக்காகச் செஞ்சேன் சார். அவ மரியாதைக்கு, அவன் மரியாதைக்கு. நீங்க எதுக்கு இப்படிப் பார்க்கீங்க?

கயத்தாறு வந்துட்டு. தண்ணி குடிக்கீங்களா? எங்கிட்ட இருக்கு.

அதுக்கப்புறம் அந்தக் கிட்டாரை என்ன செய்யன்னு யோசிச்சேன். மூலையில சாச்சு வச்சிருந்தாங்க. தகப்பன் இல்லாத பிள்ளை, கையில ஒரு வாத்தியமாவது உருப்படியா இருக்கட்டும்னு கிளாடிஸ்கிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேன். அவ இருந்த நெலையில எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கிட்டுதான் இருந்தா. நாகர்கோவில் பக்கம் கிட்டார் வேலை செய்யிற ஒருத்தரு இருக்காரு, அவருகிட்ட கொண்டு போனேன். அவரு பார்த்துட்டு, "இதை இப்படியே வச்சுக்கிட்டா என்ன சார்? வேலை சுத்தமாச் செஞ்சிருக்காரே"ன்னாரு. நான் விடல. புது ஃப்ரெட்டு போடுங்க, கழுத்தை நல்லா இழைச்சுப் பாலிஷ் போடுங்க, கடையில இருந்து எடுத்த மாதிரி இருக்கணும்னு சொன்னேன். அப்படியே செஞ்சு கொடுத்தாரு. கண்ணாடி மாதிரி மின்னுச்சு. நானே வாசிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் அதது இடத்துல உக்காந்திருந்துச்சு.

நினைவு ஜெபத்தன்னைக்குக் கொண்டுபோய்ப் பியூலா கையில கொடுத்தேன். சனங்க எல்லாம் போன பிறகு, வீட்டு ஆளுக மட்டும் இருக்கும்போது. அவ ஜிப்பைத் திறந்தா. எடுத்து மடியில வச்சா. ஒரு கம்பி மேல விரலை வச்சு, மேல இருந்து கீழ இழுத்துக்கிட்டே வந்தா. டக்கு டக்குன்னு படி இறங்குற மாதிரி இறங்குச்சு. நிறுத்திட்டா. கழுத்தைத் திருப்பி விளிம்பைப் பார்த்தா. இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா. கட்டை விரலால தேச்சுத் தேச்சுப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்து, "எங்க மாமா"ன்னா.

எனக்குக் கண்ணு கலங்கிட்டு சார். எத்தனை வருசத்துக்கப்புறம் அந்தப் பிள்ளை என்னை எங்க மாமான்னு சொல்லுது. "ஆமாம்மா, உங்க மாமாதான், நான் இருக்கேன்"னு தலையைத் தடவினேன். அவ திரும்பவும், "எங்க மாமா. எங்க மாமா"ன்னா. நானும் "இருக்கேன்மா, இருக்கேன்மா"ங்கேன்.

கிளாடிஸ்தான் சுவத்தோரத்துல இருந்து சொன்னா. "அண்ணே, அவ எங்கேன்னு கேக்கா. பொட்டெல்லாம் எங்கேன்னு கேக்கா."

அவ பேச்சு அப்படி, தட்டையா வரும்னு சொன்னேன்ல. கேள்வியா, சும்மா சொல்லுதாளான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. யாரா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

"அழுக்கா இருந்துச்சும்மா, இழைக்கும்போது போயிட்டு"ன்னேன். அவ உதட்டைப் பார்த்தா. புரிஞ்சுக்கிட்டா. கிட்டாரைத் திரும்பப் பைக்குள்ள வச்சு, ஜிப்பை மெதுவா, முழுசா இழுத்து மூடி, என் கால்மாட்டுல வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கோவமா வச்சிருந்தாகூட எனக்கு ஒண்ணும் இல்ல. அவ்வளவு பதனமா வச்சா.

பிறகு கிளாடிஸுக்குக் கோவில்பட்டியில ஒரு பள்ளிக்கூட விடுதியில வார்டன் வேலை கிடைச்சு, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனாங்க. சாமான் ஏத்தும்போது நான் நின்னேன். எல்லாம் ஏறிட்டு, கிட்டாரு மட்டும் ஏறல. மறந்துட்டியாம்மான்னு கேட்டேன். "மறக்கல அண்ணே"ன்னா. என் வீட்டுலதான் இருக்கு. நான் அப்பப்ப எடுத்துத் துடைச்சு வைப்பேன். வாசிக்க நேரம் இல்ல.

தாய்மாமன் நான். போகாம இருக்க முடியுமா? மொத தடவ போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சொல்லாமத்தான் போனேன். சந்துக்குள்ள கடைசி வீடு. கேட்டுப் பக்கத்துல போகும்போதே பாட்டுச் சத்தம். வாத்தியம் ஒண்ணும் இல்ல, தனிக் குரல். என் காதைப் பத்திச் சொன்னேனே. அவதான். குரல் இப்ப இன்னும் கனமா, பெரிய பிள்ளைக் குரலா ஆயிருக்கு. கொஞ்சம் நின்னுட்டுப் பெல்லை அமுக்கினேன். அவளுக்குப் பெல் சத்தம் கேக்காதில்லையா, அதனால பெல்லை அமுக்குனா உள்ள ஒரு பல்பு எரியும். பழைய வீட்டுல ஜெபசிங் போட்டு வச்சது, அதைக் கழட்டிக் கொண்டுவந்து இங்கயும் மாட்டியிருக்கா. சன்னல்ல சிவப்பா எரிஞ்சுச்சு. பாட்டு நின்னுட்டு.

கிளாடிஸ் கதவைத் திறந்தா. பியூலா எங்கன்னேன். "தூங்குதா அண்ணே"ன்னா. காப்பி போட்டுக் கொடுத்தா. குடிச்சிட்டு வந்துட்டேன்.

அடுத்த தடவயும் அப்படித்தான். அதுக்கடுத்த தடவயும். பெல்லை அமுக்குனா பல்பு எரியும், பாட்டு நின்னுபோகும், பிள்ளை தூங்கும். நான் என்ன செஞ்சுட்டேன்னு எனக்கு இன்னும் தெரியல சார். உண்மையிலேயே தெரியல. கிட்டாரைச் சரி பண்ணிக் கொடுத்தேன். வேற என்ன?

இன்னைக்கும் அங்கதான் போறேன். முறுக்கு வாங்கியிருக்கேன், அவளுக்குப் பிடிக்கும், சின்னப் பிள்ளையில பிடிக்கும். அந்த வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு வேப்பமரம் நிக்கு. இப்பல்லாம் போனதும் பெல்லை அமுக்குறதில்ல. அந்த மரத்தடியில கொஞ்சம் நிப்பேன். இறங்கித்தான் பாடுதா சார், சுருதி சேரல, அதுல மாத்தம் இல்ல. ஆனா ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கொஞ்சம் நிறுத்துதா. யாரோ கூட வந்து சேரட்டும்னு நிக்கிற மாதிரி நிறுத்துதா. அப்புறம் அடுத்த வரிக்குப் போறா. நானும் வாய்க்குள்ள முனகிப் பார்க்கேன். பிடிக்க முடியல. எங்க பிடிக்கணும்னு தெரியல.

போன தடவ பெல்லை அமுக்காமலே கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிட்டேன். அவ பாடி முடிக்கல.